பாறை சொல்லாத விடையும், யாரும் கேட்காத கேள்வியும்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலின் முதல் நாள் மாலை, மாணவர் திரைப்பட மன்றம் நடத்திய திரையிடலுக்குப் பின் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)



படம் முடிந்து விளக்குப் போட்டதும் அரங்கம் முழுக்க ஒரே கேள்விதான். "அந்தப் பொண்ணுங்க என்னதான் ஆனாங்க?" நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இருக்கும் என்று எதிர்பார்த்து யாராவது உட்கார்ந்திருந்தால், இப்போதே மன்னித்துவிடுங்கள். படத்தை எடுத்தவரும் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த மேடையில் அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன்.

படம் பார்க்க வர முடியாதவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தின் பெயர் 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்'. 1975ல் வெளிவந்த ஆஸ்திரேலியப் படம். இயக்கியவர் பீட்டர் வியர். படப்பிடிப்பு நடந்தபோது அவருக்கு முப்பது வயதுதான். பிற்பாடு 'டெட் பொயட்ஸ் சொசைட்டி', 'தி ட்ரூமன் ஷோ' எல்லாம் எடுத்தவர் இவரே. ஜோன் லிண்ட்சே என்ற அம்மையார் 1967ல் எழுதிய நாவல்தான் மூலம். பாட்ரீஷியா லவல் என்கிற தொலைக்காட்சித் தொகுப்பாளர் அந்த நாவலைப் படித்து மயங்கி, உரிமையை வாங்கிக்கொண்டு, அதிகம் பெயர் தெரியாத இந்த இளைஞரைத் தேடிப் போனார்.

1900ஆம் ஆண்டு, பிப்ரவரி 14. விக்டோரியா மாகாணத்தில் ஆப்பிள்யார்ட் கல்லூரி என்ற பணக்காரப் பெண்கள் விடுதிப் பள்ளி. மாணவிகள் வெள்ளை உடை உடுத்தி, குதிரை வண்டியில் ஹேங்கிங் ராக் என்ற பாறைக்கு உல்லாசப் பயணம் போகிறார்கள். சாப்பிட்டு முடித்து எல்லோரும் கண்ணயர்கிற நேரம். மிராண்டா, மேரியன், இர்மா, ஈடித் என்று நான்கு பெண்கள் பாறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கிளம்புகிறார்கள். மேலே போனதும் மூன்று பேர் ஏதோ மயக்கத்தில் நடப்பதுபோல் பாறை இடுக்கில் நுழைந்து மறைகிறார்கள். நான்காமவள் ஈடித் அலறிக்கொண்டு கீழே ஓடிவருகிறாள். கணக்கு டீச்சர் மிஸ் மெக்ராவையும் காணோம். ஒரு வாரம் கழித்து இர்மா மட்டும் உயிரோடு கிடைக்கிறாள். அவளுக்கு எதுவுமே நினைவில்லை. மற்ற மூவரும் கிடைக்கவே இல்லை. அவ்வளவுதான் கதை.

இதை எப்படி பேய்ப் படத்தோடு சேர்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பேய் இல்லை, ரத்தம் இல்லை, இருட்டுகூட இல்லை. பளீரென்ற வெயில். நம் பாட்டிமார்கள் "உச்சி வேளையில புளியமரத்தடிக்குப் போகாதே" என்பார்களே, அந்த வகைப் பயம் இது. வண்டிக்காரர் கடிகாரமும் டீச்சர் கடிகாரமும் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நின்றுபோகின்றன. அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் முதுகு சில்லிட்டது.

எஞ்சினியர்கள் கூடியிருக்கிற சபை என்பதால் இதைத் தயாரித்த விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் கனவு மாதிரியான மங்கல் ஒளி எப்படி வந்தது தெரியுமா? ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் பாய்ட், கல்யாணப் பெண் முகத்தில் போடும் முக்காட்டு வலைத்துணியை லென்சுக்கு முன்னால் பிடித்தார். பெரிய கருவி ஒன்றும் கிடையாது, ஒரு முழம் துணி. அதற்குத்தான் அவருக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. நடப்பதும் திரும்புவதும் சில இடங்களில் லேசாக வேகம் குறைந்து தெரிகிறது. நமக்கு அது தெரிந்தும் தெரியாமலும் இருக்கிறது. இசை ருமேனியாக்காரர் ஜார்ஜ் ஸாம்ஃபிரின் குழாய்ப் புல்லாங்குழல். அதைக் கேட்டால் மூச்சுக் காற்று ஏதோ பாறை வெடிப்பு வழியாக வருவதுபோல் இருக்கிறது. நடுவில் பீத்தோவனின் ஐந்தாம் பியானோ கான்செர்ட்டோவின் மெதுவான பகுதி. குறைந்த செலவு, சரியான இடம், நிறைய பொறுமை. நம் ப்ராஜெக்ட் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

பாறை நிஜம். மெல்போர்னுக்கு வடமேற்கே, மாசிடன் மலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தரையிலிருந்து 105 மீட்டர் உயரம். கெட்டியான எரிமலைக் குழம்பு பீறிட்டு, ஓடாமல் அப்படியே குவிந்து இறுகியது. வயது சுமார் 60 லட்சம் ஆண்டுகள். படத்தில் மிஸ் மெக்ரா பத்து லட்சம் ஆண்டு என்று கணக்குச் சொல்வார். கணக்கு டீச்சரே காணாமல் போவதில் ஒரு குறும்பு இருக்கிறது பாருங்கள். எதையும் எண்ணி அளந்துவிடலாம் என்று நம்புகிற ஆள்தான் முதலில் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்.

ஆனால் சம்பவம் நிஜமா? பல வருடங்களாக ஆஸ்திரேலியாவில் ஏராளமான பேர் இது உண்மைக் கதை என்றே நம்பினார்கள். லிண்ட்சே அம்மையாரும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாசகரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று முன்னுரையில் எழுதிவிட்டார். ஒரே ஒரு சின்னச் சோதனை போதும். படத்தின் தொடக்கத்தில் 1900 பிப்ரவரி 14 சனிக்கிழமை என்று எழுத்து வருகிறது. நாட்காட்டியைப் போட்டுப் பாருங்கள். அன்று புதன்கிழமை. அப்படி ஒரு கிழமை உலகத்திலேயே இருந்ததில்லை. கதைக்கு வெளியே அந்த நாளே கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் படத்தை முதலில் நான் பார்த்தது மூன்றாம் வருடத்தில், ஹாஸ்டலில், பத்துப் பேர் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு. அன்று விடியவிடிய விவாதம். குகைக்குள் விழுந்திருப்பார்கள் என்றான் ஒருவன். யாரோ கடத்தியிருப்பார்கள் என்றான் இன்னொருவன். காலமே மடிந்துவிட்டது என்று ஒரு இ.சி.இ. நண்பன் நோட்டில் படம் போட்டுக் காட்டினான். பத்துப் பேருக்குப் பதினோரு விடை.

இப்போது நான் பார்ப்பது பம்ப் தயாரிக்கும் ஆலையில் தர ஆய்வு வேலை. எங்கள் தொழிலில் பழுதான ஒரு பம்ப் திரும்பி வந்தால் "ஏன்? ஏன்? ஏன்?" என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் பழக்கப்படுத்திய முறை அது. ஏன் மோட்டார் எரிந்தது? பேரிங் இறுகியது. ஏன் இறுகியது? தண்ணீர் புகுந்தது. ஏன் புகுந்தது? சீல் தேய்ந்தது. இப்படியே போனால் கடைசியில், 'அந்த சீல் வாங்கும்போது யாரும் சோதித்துப் பார்க்கவில்லை' என்று மனிதர் பக்கம் வந்து நிற்கும். இந்தப் பழக்கத்தோடு இந்த வருடம் படத்தை மறுபடி பார்த்தேன். பாறையை விட்டுவிட்டு என் கண் வேறொரு இடத்தில் போய் நின்றது.

அந்த இடம், சாரா.

சாரா என்றால் யார் என்று இப்போதே சிலர் யோசிக்கிறீர்கள். அதுதான் படத்தின் சாமர்த்தியம். பள்ளியிலேயே சின்னவளாகத் தெரியும், குட்டி முகத்துப் பெண். அப்பா அம்மா இல்லாதவள். மிராண்டாவிடம் உயிரையே வைத்திருப்பவள். ஒப்பிக்கச் சொன்ன பாட்டை மனப்பாடம் செய்யாமல், தானே எழுதிய கவிதையை நீட்டுகிற சுபாவம். பிக்னிக்குக்கு அவளை அனுப்பவில்லை. மற்றவர்கள் வண்டியேறிப் போகும்போது மேலே நின்று கையசைக்கிறாள். அவள் காப்பாளரிடமிருந்து வரவேண்டிய கட்டணம் வரவில்லை. தலைமை ஆசிரியை திருமதி ஆப்பிள்யார்ட் அவளைக் கூப்பிட்டு, பணம் வராவிட்டால் அநாதை விடுதிக்குத்தான் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்கிறார்.

இனி உடற்பயிற்சிக் கூடக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பிழைத்து வந்த இர்மா, ஊருக்குப் போகுமுன் விடைபெற வருகிறாள். சிவப்புத் தொப்பி, சிவப்பு மேலங்கி. மாணவிகள் முதலில் உறைந்து நிற்கிறார்கள். அடுத்த நிமிடம் அவளைச் சூழ்ந்துகொண்டு, பிடித்து உலுக்கி, "சொல்லு! அவங்க எங்கே? சொல்லு!" என்று கத்துகிறார்கள். இந்தப் படத்தில் நிஜமான பயங்கரக் காட்சி இதுதான் என்பேன். கதறி, பிறாண்டி, விடை கேட்கிற கூட்டம்.

அந்தக் களேபரம் அடங்கியதும் பிரெஞ்சு டீச்சர் திரும்பிப் பார்க்கிறார். அதே கூடத்தில், சுவர் ஓரமாக, ஒரு பலகையில் வாரால் கட்டி வைக்கப்பட்டிருக்கிறாள் சாரா. கூன் நிமிர வேண்டுமாம், அதற்காக. இவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறாள். இத்தனை பெண்களும் பாறையில் தொலைந்தவர்களைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பத்தடி தூரத்தில் கட்டிப்போடப்பட்டிருந்தவள் ஒருத்தி கண்ணிலும் படவில்லை. நமக்கும் பட்டிருக்காது.

அடுத்து என்ன ஆகிறது? சாராவைக் காப்பாளர் வந்து கூட்டிப்போய்விட்டார் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிடுகிறார். மறுநாள், செடிகள் வளர்க்கும் கண்ணாடி அறைக் கூரையைப் பிளந்து விழுந்து இறந்து கிடக்கிறாள் குழந்தை. எப்படி விழுந்தாள் என்று படம் காட்டுவதில்லை. ஆனால் ஏன் என்று கேட்டால், ஐந்து ஏன் கூட வேண்டாம், இரண்டே போதும்.

இன்னொரு கொடுமை உண்டு. சாராவுக்கு ஓர் அண்ணன் இருந்தான். அநாதை விடுதியில் பிரிந்தவன். அந்த அண்ணன்தான் ஆல்பர்ட், பக்கத்துக் கர்னல் வீட்டுக் குதிரைக்காரன். காணாமல் போன பெண்களைத் தேட பாறை ஏறியவர்களில் அவனும் ஒருவன். இர்மா பிழைத்ததில் அவனுக்குப் பங்குண்டு. முன்பின் தெரியாத பணக்காரப் பெண்களுக்காக மலையேறியவனுக்கு, சில மைல் தூரத்தில் தன் தங்கை இருப்பது தெரியாது. கடைசியில் ஒரு கனவில் அவள் வந்து போனதாகச் சொல்கிறான். அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்தது. படம் முடியும்வரை அவனுக்கு உண்மை தெரியாது. நமக்கு மட்டும் தெரியும். அதனால்தான் பாரம் நம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆக, இந்தப் படத்தில் இரண்டு இழப்புகள். ஒன்றுக்கு விடையே கிடையாது. அதற்கு போலீஸ், மோப்ப நாய், பத்திரிகை, ஊர்க்கூட்டம் எல்லாம் வந்தது. இன்னொன்றுக்கு விடை எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. பள்ளிக் கட்டணம், தனிமை, ஒரு கடுஞ்சொல். அதை ஒருவரும் கேட்கவில்லை.

படத்தை விட்டு அந்தப் பாறையையே எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். அதற்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர்தான் ஹேங்கிங் ராக். அந்த மண்ணின் ஆதிகுடிகள் அதை ஙன்னெலாங் என்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவர்கள் கூடிச் சடங்கு செய்த இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் குடியேற்றக்காரர்களும் நோயும் சேர்ந்து அவர்களை அங்கிருந்து அகற்றிவிட்டன. அந்த மறைவுக்குக் காரணம் எல்லாம் பதிவிலேயே இருக்கிறது. ஆனால் பாறைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் "மிராண்டா!" என்று கூவிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 2017ல் எமி ஸ்பையர்ஸ் என்ற கலைஞர் இதைத்தான் கேட்டார். நடக்காத ஒரு மறைவுக்கு இத்தனை அழுகையா, நடந்த மறைவுக்கு ஒரு சொல்லும் கிடையாதா என்கிற பொருளில், 'மிராண்டா போகட்டும்' என்றொரு இயக்கமே நடத்தினார். எனக்கு மிராண்டா போக வேண்டாம். அவள் பக்கத்தில் மற்றவர்களுக்கும் இடம் கொடுத்தால் போதும்.

விடை கிடைத்தால் மனம் ஆறிவிடுமா என்றும் சிலர் கேட்பீர்கள். அதற்கும் ஒரு சோதனை நடந்தேயிருக்கிறது. லிண்ட்சே முதலில் கடைசி அத்தியாயம் ஒன்று எழுதியிருந்தார். பதிப்பகத்தார் யோசனைப்படி அதை நீக்கிவிட்டார்கள். அவர் 1984ல் காலமானார். 1987ல் அந்த அத்தியாயம் தனிப் புத்தகமாக வந்தது. அதில் என்ன இருக்கிறது தெரியுமா? பெண்கள் கழற்றி எறிந்த இடுப்புக் கச்சைகள் கீழே விழாமல் அந்தரத்தில் நிற்கின்றன. டீச்சர் நண்டு மாதிரி ஒரு சின்னப் பிராணியாகி பாறை இடுக்கில் நுழைந்துவிடுகிறார். பெண்களும் பின்னாலேயே போகிறார்கள். கேட்டதும் சிரிக்கிறீர்கள். "இவ்வளவுதானா?" என்று தோன்றுகிறதல்லவா? இருபது வருடம் காத்திருந்த விடை, வந்த அன்றே சப்பென்று போய்விட்டது. அதை வெட்டச் சொன்ன பதிப்பகத்தார் கைக்கு மோதிரம் போடலாம்.

வியரும் அதே ரகம். அமெரிக்க விநியோகஸ்தர் ஒருவர் படம் முடிந்ததும், விடையில்லாத மர்மத்துக்கு இரண்டு மணி நேரம் வீணாப் போச்சே என்று காபிக் கோப்பையைத் திரை மேல் எறிந்தாராம். வியரே சொன்ன கதை. 1998ல் படத்தைத் திருத்தி வெளியிட வாய்ப்பு வந்தபோது எல்லா டைரக்டரும் காட்சிகளைச் சேர்ப்பார்கள். இவர் சுமார் ஏழு நிமிடத்தை வெட்டி எறிந்தார்! விளக்கம் கூடக்கூட படம் குறைகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே தம்பி தங்கைகளே, விடை இல்லாத கேள்விகளோடு வாழக் கற்றுக்கொள்வதும் ஒரு படிப்பு. எல்லாவற்றுக்கும் ரூட் காஸ் கிடைத்துவிடாது. இருபது வருட சர்வீஸ் உள்ள எந்த எஞ்சினியரைக் கேட்டாலும், காரணம் தெரியாமலே மூடிய ஃபைல் ஒன்றாவது அலமாரியில் இருக்கும் என்று ஒப்புக்கொள்வார். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. கேட்டால் கிடைத்துவிடுகிற விடையைக் கேட்காமல் விடுவதுதான் அவமானம்.

நம் ஹாஸ்டல் கதை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் பேட்ச்சில் ஒருவன், நாலாவது செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனவன், கல்லூரி திறந்தும் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். ஒரு வாரத்துக்கு விதவிதமான கதைகள் ஓடின. காதல் என்றார்கள், மிலிட்டரியில் சேர்ந்துவிட்டான் என்றார்கள், அரியரைப் பார்த்து பயந்துவிட்டான் என்றார்கள். மெஸ்ஸில் பரிமாறும் அண்ணன் ஒருவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "தம்பி, மெஸ் பில் கட்டாதவங்க லிஸ்ட்ல மூணு மாசமா அவன் பேரு இருந்துச்சே, யாரும் பாக்கலையா?"

நோட்டீஸ் போர்டில், எல்லோரும் தினம் இரண்டு வேளை கடந்து போகிற இடத்தில், மூன்று மாதம் ஒட்டியிருந்த தாள். அன்று ராத்திரியே என் ரூம்மேட்டுகள் இருவர் பஸ் பிடித்து அவன் ஊருக்குப் போனார்கள். அப்பாவுக்குக் கை முடியாமல் போய், வீட்டுத் தறி நின்றுபோய், பையன் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தான். மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு தறி, ஒரு கடன், கொஞ்சம் ரோஷம். நம் சங்கத்து மூத்தவர்கள் சிலர், பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு, பாக்கியைக் கட்டினார்கள். ஒரு வருடம் போனது போனதுதான். அடுத்த பேட்ச்சோடு சேர்ந்து படித்து முடித்தான். அதனால் இன்றைக்கு இரண்டு பேட்ச் போட்டோவிலும் நிற்கிற ஒரே ஆள் அவன்தான். இந்த அரங்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். யாரென்று காட்டினால் என்னை உதைப்பான்.

சாராவுக்கு அந்த மெஸ் அண்ணன் மாதிரி ஒருவர் கிடைக்கவில்லை. பிரெஞ்சு டீச்சர் கொஞ்சம் பார்த்தார். ஆனால் கட்டை அவிழ்த்துவிட்டதோடு அவர் கை ஓய்ந்துவிட்டது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் பேட்ச் வாரியாக முகவரிப் பட்டியல் இருக்கிறது. சில பெயர்களுக்கு எதிரே 'முகவரி கிடைக்கவில்லை' என்று இருக்கும். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் ஒருவர் பொறுப்பேற்று, அடுத்த ஒன்றுகூடலுக்குள் அந்த வரிகளில் ஒன்றையாவது நிரப்பிக் கொண்டுவரட்டும். எல்லாம் நிரம்பாது. சிலர் நிஜமாகவே கிடைக்க மாட்டார்கள், சிலர் கிடைக்க விரும்ப மாட்டார்கள். அதையும் மதிப்போம். இப்போது படிக்கிற மாணவர்களுக்கு இன்னும் எளிய வேலை. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து சிவப்பு விழுந்தால், கதை கட்டுமுன் ஒரு தடவை போய்க் கதவைத் தட்டுங்கள். பாக்கிப் பணம் என்றால் தயங்காமல் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். வாங்குபவர் பெயரும் வெளியே வராது, கொடுப்பவர் பெயரும் வெளியே வராது.

படத்தை இன்னொரு முறை பார்க்க விரும்புகிறவர்கள் அவசியம் பாருங்கள். பாறையை எல்லோரும் பார்த்துவிட்டோம். இந்த முறை சுவர் ஓரத்தைப் பாருங்கள்.